பழம் போட்ட கேக், டார்ட்: செய்வதும் படம் எடுப்பதும்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் கேக்கும், சுட்ட மாவுத் தட்டில் பழம் நிரப்பும் டார்ட்டும் செய்து தெரிந்தவர்களுக்கு விற்கிறாராம். லிச்சி, மாம்பழ சீசன் வந்துவிட்டது. சாப்பிட்டவர்கள் ருசியாக இருக்கிறது என்கிறார்கள், படம் எடுத்தால் மட்டும் கேக் நடுவில் அமுங்கி, ஈரமாக, மஞ்சள் அடித்துத் தெரிகிறது, அன்னாசி போட்டால் இன்னும் மோசம், எந்த கேமரா வாங்கலாம் என்பது கேள்வி. சகோதரி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அமுங்குவதும் ஈரமும் ஓவனுக்குள் நடந்தவை. எந்த கேமராவும் அதை மறைக்காது. மஞ்சள் அடிப்பது வெளிச்சத்தால் வருவது. பணத்தைக் கேமராவில் போட வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் ஒரு டிஜிட்டல் தராசும், ஓவனுக்குள் வைக்கும் ஒரு தெர்மாமீட்டரும் வாங்குங்கள்.

நான் ஊரில் கேட்டரிங் படித்துவிட்டு இங்கே மொரீஷியஸ் வந்து, பல வருடங்கள் ஓட்டல் பேஸ்ட்ரி கிச்சனில் வேலை பார்த்தவள். இப்போது வீட்டில் ஆர்டர் எடுக்கிறேன், சிலருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். பேக்கிங் பற்றி நான் சொல்வதை நம்பிச் செய்யலாம். படம் எடுப்பதை முறையாகப் படித்ததில்லை. ஆர்டருக்காக எடுத்து எடுத்துப் பழகியது. அதனால் அந்தப் பகுதியில் எது விதி, எது என் வழக்கம் என்று பிரித்தே சொல்கிறேன். உங்கள் ஓவனை நேரில் பார்க்காததால் இத்தனை நிமிடம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அதை நீங்களே கண்டுபிடிக்கும் வழியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். பழத்தின் எடையில் பெரும்பகுதி தண்ணீர்தான்: அன்னாசியில் நூற்றுக்கு 86 பங்கு, மாம்பழத்தில் 83, லிச்சியில் 82, வாழைப்பழத்தில் 75. கேக் மாவு ஓவனில் இறுகுவதற்குக் காரணம் முட்டையின் புரதமும் மைதாவின் ஸ்டார்ச்சும். அவை பிடித்து வைக்கும் அளவுக்குத்தான் நாம் பாலும் தயிரும் அளந்து ஊற்றுகிறோம். அதில் பச்சைப் பழத்துண்டைப் போட்டால், சூடு ஏறியதும் அது சாறு விடுகிறது. துண்டைச் சுற்றியுள்ள மாவுக்கு மட்டும் அளவுக்கு மேல் தண்ணீர் கிடைக்கிறது, அந்த இடம் இறுகாமல் களியாகவே நிற்கிறது. மேலே தெறித்த சாறில் இருக்கும் சர்க்கரையோ சீக்கிரம் சிவந்துவிடுகிறது. நிறத்தைப் பார்த்து வெந்துவிட்டது என்று வெளியே எடுக்கிறோம். எடுத்த பத்து நிமிடத்தில் நடுப்பகுதி உட்கார்ந்துவிடும். உங்கள் படத்தில் தெரிவது இதுதான்.

அன்னாசியில் இது ஏன் மோசம் என்பதை நீங்களே தராசில் பார்க்கலாம். இங்கே கிடைக்கும் சின்ன விக்டோரியா அன்னாசியைத் தோல் சீவி, நடுத்தண்டு நீக்கி, 1 சென்டிமீட்டர் துண்டுகளாக 400 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை தூவி, அகலமான வாணலியில் மிதமான தீயில் கிளறுங்கள். முதலில் சாறு குளமாக நிற்கும், அப்புறம் வற்றும், கடைசியில் துண்டுகள் பளபளவென்று ஒட்டிக்கொண்டு நிற்கும். இறக்கி ஆறவைத்து மறுபடி நிறுங்கள். 280 கிராம் நின்றால், நீங்கள் போட்ட சர்க்கரையைக் கணக்கில் எடுக்காமலே 120 கிராம் தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது. அது அரை கப்புக்கு நிகர். அந்த அரை கப்பைத்தான் இவ்வளவு நாளும் தெரியாமல் கேக்கில் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். வற்றிய அன்னாசிக்கு ருசியும் கூடும். இந்தப் பழத்தின் புளிப்பு வற்றவற்ற நன்றாக எழுந்து நிற்கும். பெரிய ரக அன்னாசியில் இவ்வளவு வராது.

அன்னாசியில் இன்னொரு வில்லங்கம் உண்டு. புரோமிலைன் என்ற என்சைம் அதில் இருக்கிறது, அது புரதத்தை உடைக்கும். பச்சை அன்னாசியை அடித்த கிரீமின் மேல் வைத்தால் சிறிது நேரத்தில் கிரீம் நீர்த்து, கசப்பு தட்டும். ஜெலட்டின் போட்ட புட்டிங் உறையவே உறையாது. இது சந்தேகம் இல்லாத விஷயம். சூடு பட்டால் அந்த என்சைம் செயலிழந்துவிடும் என்பதால் வதக்கிய அன்னாசிக்கும் டின் அன்னாசிக்கும் இந்தப் பயம் வேண்டாம். சைனா கிராஸ் கடற்பாசியில் இருந்து எடுப்பது, அதில் புரதம் இல்லை. ஆகவே பச்சை அன்னாசி போட்டாலும் அது உறையும். நம் வீடுகளில் பலர் ஜெலட்டினே சேர்ப்பதில்லை. அவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

லிச்சியை ஓவனில் வைக்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. அதன் உயிர் வாசனைதான், அது சூட்டில் பறந்துவிடும். வெந்த லிச்சியில் வெறும் இனிப்பும் ரப்பர் போன்ற சதையும்தான் மிச்சம். இங்கே வளரும் தாய் சோ ரக லிச்சி மரத்துக்கு வலை கட்டி, வௌவாலிடமிருந்து காப்பாற்றி, நவம்பர், டிசம்பரில் கொத்துக்கொத்தாகச் சாலையோரம் கொண்டுவந்து வைக்கிறார்கள். அந்த உழைப்புக்கு மரியாதை பழத்தைப் பழமாகவே பரிமாறுவதுதான். கொட்டை நீக்கி, சுத்தமான துணியில் கவிழ்த்து வைத்து ஈரம் போனதும், ஆறிய கேக்கின் மேல் கடைசியில் வையுங்கள். உள்ளேயும் லிச்சி வாசனை வேண்டும் என்றால், கொட்டை எடுக்கும்போது வடியும் சாறைச் சேர்த்துவைத்து, வெந்து ஆறிய கேக்கின் மேல் கரண்டியால் தெளியுங்கள். சூட்டுக்குப் பிறகு சேர்ப்பதால் வாசனை நிற்கும்.

மாம்பழமும் கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனால் அதைக் கூழாகக் காய்ச்சலாம். மேசோன் ரூஜ், தோஃபினே, ஜோசே என்று எது கிடைத்தாலும், மேலே அடுக்குவதற்கு அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்கும் பழம் வேண்டும். கனிந்து குழைந்தது கூழுக்குப் போகட்டும். கூழை வடிகட்டி, கரண்டியை வாணலி அடியில் இழுத்தால் கோடு விழுந்து மெதுவாக மூடும் பதம் வரை வற்றவைத்து, கேக் மாவில் தயிருக்குப் பதிலாகச் சேர்க்கலாம். தயிரையும் ஊற்றி, கூழையும் ஊற்றினால் மறுபடி அமுங்கும்.

இந்தத் தீவின் பேக்கரிக்காரர்களுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். எந்தக் கடைக்கும் போய் ஒரு தார்த் பனான், அதாவது வாழைப்பழ டார்ட், வாங்கிப் பிட்டுப் பாருங்கள். அடி மாவு ஈரமாகி இருக்காது. வாழைப்பழத்தைச் சர்க்கரையும் வனிலாவும் போட்டு முதலில் கெட்டியாகக் கிளறி, ஆறவைத்து, அதன் பிறகுதான் மாவில் நிரப்புகிறார்கள். மேலே மாவுப் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவது அழகுக்கு மட்டும் இல்லை, இடைவெளி வழியாக மிச்ச ஆவி வெளியேறுவதற்கும் உதவுகிறது. பழ டார்ட் கற்றுக்கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் இதைச் செய்து பழகினால் மற்ற பழங்கள் எளிதாகிவிடும். நம் வீட்டுப் பாட்டிமார்கள் பலாப்பழ ஜாம் கிளறிய முறையும் இதேதான்.

மேலே பச்சைப் பழம் அடுக்கும் டார்ட்டுக்கு, அடி மாவைத் தனியாக முழுதாக வேகவைத்துவிட வேண்டும். பட்டர் பேப்பர் விரித்து, அதன் மேல் துவரம்பருப்போ காய்ந்த பீன்ஸோ பாரமாகப் பரப்பி 180 டிகிரியில் வைத்து, ஓரம் நிறம் மாறியதும் பருப்பை எடுத்துவிட்டு மீண்டும் வையுங்கள். அடியும் பொன்னிறமானதும், முட்டை வெள்ளைக்கருவை மெல்லியதாகத் தடவி இரண்டு நிமிடம் காட்டினால் ஈரம் இறங்காமல் ஒரு தடுப்பு உண்டாகும். முட்டை சேர்க்காதவர்கள் வறுத்த ரவையையோ பிஸ்கட் தூளையோ மெல்லிய படலமாகத் தூவிவிடலாம், அது கசியும் சாறைக் குடித்துவிடும்.

பழத்துண்டை மைதாவில் புரட்டிப் போட்டால் அடியில் இறங்காது என்று எல்லோரும் சொல்வார்கள். இதைப் பாதி உண்மை என்றுதான் சொல்வேன். மாவுக்கலவை கெட்டியாக இருந்தால் புரட்டாமலே துண்டு நிற்கும், நீர்த்திருந்தால் புரட்டினாலும் இறங்கும். துண்டின் அளவும் கலவையின் பதமும்தான் முக்கியம். நான் பின்பற்றும் அளவு இது: 200 கிராம் மைதா, 150 கிராம் சர்க்கரை, 120 கிராம் வெண்ணெய், 3 முட்டை, கால் கப் தயிர், 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர். இதற்கு நீர் வற்றிய பழம் 180 கிராம். பழத்தின் எடை மைதாவின் எடையைத் தாண்டவே கூடாது. 20 சென்டிமீட்டர் டின், 170 டிகிரி. மேல்பக்கம் சிவந்ததும் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடி வேகவிடுங்கள். குச்சி குத்திப் பார்ப்பது பழக் கேக்கில் ஏமாற்றும், குச்சி பழத்துண்டில் பட்டால் ஈரமாகத்தான் வரும். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 96 முதல் 98 டிகிரி வந்ததும் எடுங்கள். இல்லையென்றால் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள், நடுவை விரலால் தொட்டால் மேலெழும்பி வர வேண்டும். டயலில் 170 என்று வைத்தால் உள்ளே 170 இருக்கும் என்று நம்ப வேண்டாம். வீட்டு ஓவன்கள் இருபது டிகிரி வித்தியாசம் காட்டுவது சாதாரணம். தெர்மாமீட்டர் வாங்கச் சொன்னது அதனால்தான்.

தைப்பூசக் காவடி விரத நாட்களில் முட்டையில்லாத ஆர்டர்தான் அதிகம் வரும். ஜனவரி, பிப்ரவரியில் மாம்பழமும் அன்னாசியும் கையில் இருக்கும். முட்டை இல்லாத கலவைக்குத் தாங்கும் சக்தி குறைவு என்பதால் பழத்தைப் பாதியாகக் குறையுங்கள், மிச்சத்தை மேலே வையுங்கள். அதே 200 கிராம் மைதாவுக்குக் கெட்டித் தயிர் ஒரு கப், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, ஆப்பச் சோடா அரைத் தேக்கரண்டி போதும். சோடாவைக் கூட்டாதீர்கள். சிவப்புப் பழம் சேர்க்கும்போது இன்னும் கவனம் வேண்டும். சிவப்பு நிறத்துக்குக் காரணமான ஆந்தோசயனின் புளிப்பில் சிவப்பாக இருக்கும், சோடா அதிகமானால் நீலம் கலந்த சாம்பலாக மாறிவிடும். கேக்கை வெட்டியதும் பழத்தைச் சுற்றிச் சாம்பல் வளையம் தெரிந்தால் பழம் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், சோடாவைக் குறைத்தால் சரியாகிவிடும்.

கியூர்பிப் பக்கம் இருப்பவர்கள் உயரத்தால் கேக் எழும்பவில்லையோ என்று என்னிடம் கேட்பதுண்டு. அந்த ஊர் ஏறக்குறைய 550 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு அளவு எதையும் மாற்றத் தேவையில்லை. அங்கே பிரச்சினை காற்றின் ஈரம். மெரிங் (வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு அடித்துச் சுடுவது), கேரமல் போன்றவை ஒரு மணி நேரத்தில் பிசுபிசுக்கும். போர்ட் லூயி போன்ற கடலோர ஊர்களில் ஈரத்தோடு சூடும் சேர்கிறது. வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினால் உருகத் தொடங்கும், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மத்தியான சமையலறை கிட்டத்தட்ட அங்கேதான் நிற்கும். இந்த மாதங்களில் வெண்ணெய் ஐசிங் ஆர்டரை நான் ஏற்பதில்லை, பழமும் மெல்லிய ஜாம் பூச்சும்தான்.

இனி படம். முதல் காரியம், சமையலறை விளக்கை அணையுங்கள். மஞ்சள் பல்பும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் போன் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று தடுமாறும், கேக்கின் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் விழும். ஒரே வெளிச்சம், அதுவும் ஜன்னல் வெளிச்சம் மட்டும். பிளாஷ் வேண்டாம்.

எந்த ஜன்னல் என்பதுதான் ஊரில் இருந்து வந்த பலர் குழம்பும் இடம். புத்தகங்களிலும் வீடியோக்களிலும் வடக்கு ஜன்னல் நல்லது என்பார்கள். அது வடகோளத்துக்குச் சொன்னது. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 டிகிரியில் இருக்கிறோம், வருடத்தின் பெரும்பகுதி சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் போகிறது. வடக்கு ஜன்னலில் நேர்வெயில் விழும், தெற்கு ஜன்னலில்தான் மிருதுவான வெளிச்சம். டிசம்பரை ஒட்டிய வாரங்களில் மட்டும் உச்சிச் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே நிற்கும், காலையிலும் மாலையிலும் தெற்கு ஜன்னலிலும் கொஞ்சம் வெயில் விழும். அப்போது ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டிவிடுங்கள், அதைவிட நல்ல திரை கடையில் கிடையாது. தெற்கு ஜன்னல் இல்லாத வீட்டிலும் இந்த வேட்டி காப்பாற்றும்.

கேக்கை ஜன்னல் ஓரமாக, வெளிச்சம் பக்கவாட்டில் இருந்தோ பின்பக்கச் சாய்வில் இருந்தோ வரும்படி வையுங்கள். பழத்தின் பளபளப்பு அப்படித்தான் தெரியும். நம் முதுகுப் பக்கமிருந்து வெளிச்சம் வந்தால் எல்லாம் தட்டையாகிவிடும். எதிர்ப்பக்க நிழல் கறுத்தால் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் அட்டையை நிறுத்துங்கள், வெளிச்சம் திரும்பி வரும். போனை ஒட்டிப் பிடிக்காதீர்கள். அதன் முக்கிய லென்ஸ் அகலமானது, கிட்டே போனால் முன்பகுதி பெரிதாகி டின் கோணலாகத் தெரியும். ஓரடி பின்னால் நகர்ந்து இரண்டு மடங்கு ஜூம் வையுங்கள். திரையில் பழத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து எடுங்கள். கிரீமும் சிவப்புப் பழமும் அதிக வெளிச்சத்தில் விவரம் இழந்துவிடும், பிறகு எதைச் செய்தாலும் மீளாது. இதுவரை சொன்னது எல்லோருக்கும் பொருந்தும் விதி. இனி வருவது என் ரசனை: டார்ட்டை நேர் மேலிருந்து, துண்டை அதன் உயரத்துக்குக் குனிந்து எதிரிலிருந்து, மாம்பழத்துக்கு வாழையிலையோ நீலத் தட்டோ, லிச்சிக்குப் பக்கத்தில் அதன் சிவப்புத் தோல். அந்தத் தோல் ஓரிரு நாளில் பழுப்பாகிவிடும் என்பதால் அன்றைக்கு வாங்கிய கொத்தாக இருக்கட்டும்.

துண்டின் படம் கட்டாயம் வேண்டும். கேக் முழுதாக ஆறிய பிறகு, கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்து ஒரு வெட்டு, மறுபடி துடைத்து அடுத்த வெட்டு. சூடாக வெட்டினால் வெந்த கேக்கும் வேகாதது போலத் தெரியும். பளபளப்புக்குக் கொய்யா ஜாமில் சொட்டுத் தண்ணீர் விட்டுச் சூடாக்கி, படம் எடுப்பதற்குச் சற்று முன் பிரஷ்ஷால் தொடுங்கள்.

விற்பனைக்குப் போடும் படத்தில் நிறத்தை ஏற்றாதீர்கள். வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், மஞ்சளைக் குறைக்கலாம், அது கண் பார்த்ததைத் திருப்பிக் கொண்டுவருவது. மாம்பழத்தை ஆரஞ்சாக்கினால் வாங்குகிறவர் வேறு பழத்தை எதிர்பார்ப்பார். போன வருடத்து லிச்சிப் படத்தைப் போட்டு ஆகஸ்டில் ஆர்டர் எடுப்பதும் அதே தப்பு. வீட்டிலிருந்து விற்கும் நம்மைப் போன்ற பெண்களுக்குக் கடைப் பலகை கிடையாது, விளம்பரம் கிடையாது. படத்தில் பார்த்ததும் டப்பாவைத் திறந்ததும் ஒன்றாக இருந்தது என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதில்தான் நம் வியாபாரமே நிற்கிறது.

சீசன் முடிந்த பிறகு என்ன செய்வது என்று அடுத்து நிச்சயம் கேட்பீர்கள். மாம்பழத்தை வற்றிய கூழாகவே ஃப்ரீசரில் வையுங்கள், மாதக்கணக்கில் நிற்கும். அன்னாசி வருடம் முழுக்கக் கிடைக்கும். லிச்சியை ஃப்ரீசரில் வைத்து மேலே அலங்கரிக்க நினைக்காதீர்கள். உறையும்போது சதையின் செல்கள் உடைந்துவிடும், உருகியதும் தண்ணீர் விட்டுத் தளர்ந்துபோகும். அதைக் குளிர்ந்த சர்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஏப்ரலில் இருந்து ஜூன் வரை ப்ளேன் ஷாம்பாஞ் பக்கம் காட்டில் கோயாவ் த ஷின் என்ற சின்னச் சிவப்புக் கொய்யா பழுக்கும், குடும்பத்தோடு போய்ப் பறித்து வரலாம். விதை அதிகம் என்பதால் முழுப் பழமாகக் கேக்கில் போடாமல், கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, மசித்து, கம்பிச் சல்லடையில் வடிகட்டுங்கள். அதில் ஜாமை உறையவைக்கும் பெக்டின் நிறைய இருக்கிறது, சர்க்கரையோடு காய்ச்சினால் வேறெதுவும் சேர்க்காமலே உறையும். டார்ட்டுக்கு நிரப்பவும், மேலே பூசவும், அடுத்த லிச்சி சீசன் வரை அதுவே போதும்.